நிமிர்ந்து பார்த்ததில் விட்டுப்போன வரி

“எனக்குப் பேச நேரம் வேணும். பத்து நிமிஷம்.”

கேட்டே விட்டாள்!

எதைக் கேட்கவே கூடாது என்று தலைமையாசிரியை மூன்று தடவை சொல்லி அனுப்பினாரோ, அதையேதான். “மனுவை நீட்டு, சீல் வாங்கு, வாயைத் திறக்காம வந்து சேரு. நேர்ல பேசணும்னு மட்டும் கேட்டுத் தொலைச்சிடாதே தாயே... மசோதாவால வர்ற ஆபத்து மெதுவா வரும். உன் வாயால வர்றது உடனே வரும்” என்று காலையில்தான் கையைப் பிடித்துக் கெஞ்சியிருந்தார்.

அரசுப் பள்ளியிலிருந்து ஒரு பிள்ளை விலகினால், அந்தப் பிள்ளைக்கென்று ஒதுக்கிய பணத்தை அது சேரும் தனியார் பள்ளிக்கே கொடுத்துவிடலாம் என்கிற மசோதா. அறுபது பிள்ளைகளுக்குக் கீழே போன பள்ளியை மூடிவிடலாம் என்று அதற்கு ஒரு வால் வேறு. அதைப் பற்றி ஜனங்களிடம் கருத்துக் கேட்கச் சட்டசபையில் ஒரு குழு போட்டிருந்தார்கள். அந்தக் குழுவின் கவுன்டரில்தான், தலையிலிருந்து கால் வரை சொட்டச் சொட்ட நின்றுகொண்டிருந்தாள் மிளகாய் டீச்சர்.

மிளகாய் என்பது பிள்ளைகள் வைத்த பெயர். அது அவளுக்குத் தெரியாது என்று அவர்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவன் நிமிரவே இல்லை. குனிந்த தலையோடு ஒரு பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தான். அத்தனை மெதுவாக, அத்தனை பதவிசாக... உலகத்தில் வேறு வேலையே இல்லாதவன் மாதிரி.

“சார், உங்களைத்தான். நிமிர்ந்து பாருங்க. இங்க மனுஷிதான் நிக்கிறேன்.”

“கேட்டுட்டுதான் இருக்கேன் மேடம். பத்து நிமிஷம் வேணும்னீங்க. ஓடி வந்திருக்கீங்க, மூச்சு வாங்குது. குடை இல்லை, சொட்டுற சத்தம் கேக்குது.” பென்சில் முனையை ஊதினான். “ஆனா மனுவில ‘நேரில் பேச விருப்பமா’ங்கிற இடத்துல ‘இல்லை’ன்னு இருக்கே?”

“அது எங்க எச்.எம். எழுதினது.”

“அப்ப அவங்ககிட்டதான் கேக்கணும்.”

“அவங்க சொன்னதெல்லாம் கேட்டாச்சு. இப்ப நான் சொல்றதை நீங்க கேளுங்க. எனக்கு வேற ஒரு ஃபாரம் கொடுங்க. என் பேர்ல தனியா எழுதறேன்.”

அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். மூன்றாக இன்னும் நான்கு நிமிடம். மூன்றடித்தால் கவுன்டர் மூடிவிடும். மரப்பலகையை இறக்குவதற்குக் கை நீண்டது... அவ்வளவுதான், சட்டென்று தன் உள்ளங்கையைப் பலகைக்கு அடியில் வைத்துவிட்டாள் அவள்.

“கையை எடுங்க மேடம், நசுங்கிடும்.”

“நசுங்கட்டும். நாளைக்கு இடது கையால பாடம் எழுதிப் போட்டுக்கறேன்.”

அப்போதும் முகத்தைப் பார்க்கவில்லை அவன். அவள் கையைத்தான் பார்த்தான். மழையில் விறைத்து, விரலிடுக்கில் வெள்ளைச் சாக்பீஸ் தூள் இன்னும் போகாத கை... எதற்கோ தெரியவில்லை, அவன் உதட்டோரம் லேசாக நெகிழ்ந்தது. பலகையை விட்டுவிட்டு ஒரு ஃபாரத்தை நகர்த்தினான்.

அவள் பேனா நனைந்து எழுதவில்லை. மேஜையிலிருந்த பென்சிலை எட்டி எடுத்தாள்.

“பென்சில்ல எழுதினா செல்லாது.”

“அப்ப நீங்க எதுக்கு வச்சிருக்கீங்க? காது குடையவா?”

சிரித்துவிட்டான்! குனிந்தபடியே, சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க. “நான் இந்தக் கவுன்டர் ஆளே இல்லை. அவர் டீ குடிக்கப் போயிருக்கார். நான் குழுவுல பேசறதைச் சுருக்கெழுத்துல எழுதறவன். இந்தாங்க பேனா.” பிறகு குரல் தாழ்ந்தது. “உங்க பேர்ல தனியாக் கொடுத்தா பள்ளிக்கூடம் உங்க பின்னாடி நிக்காது. வம்பு வந்தா உங்களுக்கு மட்டும்தான் வரும். தெரியுமில்ல?”

“தெரியும்.”

டொப் என்று சீல் விழுந்தது. அவள் பேனாவை வைத்துவிட்டு விறுவிறுவென்று மழைக்குள் நடந்தாள். திமிர் பிடித்தவன், ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தால் கழுத்து சுளுக்கிக்கொள்ளுமா என்று பொருமிக்கொண்டேதான் நடந்தாள்... ஆனாலும் அந்தக் குரல் மட்டும் பேருந்து நிறுத்தம் வரை கூடவே வந்தது.

*

வியாழக்கிழமை குழு கூடியது.

நீள மேஜை. தலைப்பக்கத்தில் குழுத் தலைவர், நரைத்த புருவம், தூக்கம் வழிகிற கண். மூலையில் ஒரு சின்ன மேஜை, அதில் குனிந்த தலையோடு அவன். குழுவில் எல்லோரும் அவனைப் ‘பென்சில்’ என்றே கூப்பிட்டார்கள். அவன் பக்கத்தில் ஒரு ரெக்கார்டர் பெட்டி, சிவப்புப் புள்ளி மினுக்கிக்கொண்டு.

முதலில் பேசியவர் ஒரு தனியார் பள்ளியின் தாளாளர். வெள்ளைச் சட்டை, கசங்காத சிரிப்பு. அவர் அவளுக்குப் புதியவர் அல்ல. அவருடைய பள்ளிப் பேருந்தைத்தான் பதினெட்டு வருஷமாக அவள் அப்பா ஓட்டுகிறார்.

“ஜனங்க தானா வர்றாங்க தலைவரே. நாங்க யாரையும் கூப்பிடலை. போன மாசம் ஒரே ஒரு அரசுப் பள்ளியில இருந்து மட்டும் பதினோரு பிள்ளைங்க விலகியிருக்காங்க. ரிஜிஸ்டரே சொல்லுது. பிள்ளை போன பிறகு பணம் மட்டும் அங்க என்ன செய்யும்?”

பதினோரு பிள்ளைகள்... அது அவளுடைய பள்ளி. அவளுடைய வகுப்பு.

அவள் முறை வந்தது. எழுந்தாள். எழுதி வைத்திருந்த தாளை மடித்துப் பைக்குள் போட்டாள்.

“நான் ஒரு தற்காலிக டீச்சர். எங்க குடும்பத்துல முதல்ல பட்டம் வாங்கினவ. முதல்ல பட்டம் வாங்கினவளுக்கு மேடைப் பேச்சு வராது, உள்ளதைத்தான் சொல்ல வரும். எங்க பள்ளியில அறுபத்து நாலு பிள்ளைங்க. ரிஜிஸ்டர்ல அம்பத்து மூணு. மிச்சம் பதினோரு பேரும் எங்கயும் போகலை சார். இன்னைக்குக் காலையிலகூட வந்து உக்காந்திருக்காங்க...”

அப்போதுதான் இடி இறங்கியது. பட்டென்று விளக்கு அத்தனையும் போயிற்று. மின்விசிறி முனகிக்கொண்டே நின்றது. ரெக்கார்டரின் சிவப்புப் புள்ளி அணைந்தது.

“நீ பேசும்மா” என்றார் தலைவர் இருட்டுக்குள்ளிருந்து. “நம்ம பென்சில் இருக்காரு. கரண்ட் போனாலும் அவர் கை போகாது.”

ஜன்னல் வழியாக மழையின் வெளிச்சம் மட்டும். சாம்பலும் நீலமும் கலந்த, தண்ணீருக்கு அடியில் இருப்பது போன்ற வெளிச்சம். அதில் எல்லா முகமும் கரைந்துபோய், அவளுக்கு யார்மீதும் பயமில்லாமல் போயிற்று. வகுப்பில் பேசுவதுபோலவே பேசினாள்.

“நான் தினமும் பேர் கூப்பிடறேன். அந்தப் பதினோரு பேர் பேரைக் கூப்பிடறதில்லை. ரிஜிஸ்டர்ல இல்லையே! ஆனா கடைசி பெஞ்சுல ஒருத்தி இருக்கா. அவ பேர் வர்ற இடத்துல நான் ஒரு நொடி நிறுத்திடறேன்... பழக்கதோஷம். அந்த ஒரு நொடியில அவ எழுந்து நின்னு, ‘உள்ளேன் டீச்சர்’னு சொல்றா. கூப்பிடாத பேருக்கு...”

எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மூலைப்பக்கம் பார்த்தாள்.

அவன் நிமிர்ந்திருந்தான்.

முதல் தடவையாக... அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எத்தனை பெரிய கண்கள்! இத்தனை நாள் காகிதத்தை மட்டுமே பார்த்து, வெயில் படாமல் வளர்ந்த கண்கள் போல... ஜன்னல் கண்ணாடியில் வழிந்த மழை அந்தக் கண்களிலும் வழிந்தது. ஊரே நின்றுவிட்ட மாதிரி இருந்தது. மேஜை இல்லை, தாளாளர் இல்லை, குழு இல்லை. மழை மட்டும்... அவன் மட்டும்...

அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டேதான், இதுவரை தலைமையாசிரியையைத் தவிர ஒருவருக்கும் தெரியாததைச் சொல்லி முடித்தாள். சொன்ன பிறகு அறையில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். தாளாளரின் சிரிப்பு முதல் தடவையாகக் கசங்கியது.

விளக்கு வந்தது. அவன் குனிந்திருந்தான். பென்சில் ஓடிக்கொண்டிருந்தது.

*

வாசல் முகப்பில் மழைக்கு ஒதுங்கி நின்றாள். பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள். திரும்பாமலே தெரிந்தது.

“நிமிஷத்துக்கு நூத்தி அறுபது வார்த்தை” என்றான். “மந்திரிங்களே நூத்தி இருபதைத் தாண்டினதில்லை. நடுவுல மூச்சு விட்டீங்களா இல்லையா?”

“விட்டிருந்தா எழுதியிருப்பீங்களே.”

“மூச்சுக்குக் குறியீடு கிடையாது.”

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். “ஏன் சார், யாரையும் நிமிர்ந்தே பார்க்க மாட்டீங்களா? ஏதாவது வேண்டுதலா?”

“தொழில் அப்படி. முகத்தைப் பார்த்தா காது மந்தமாயிடும்னு எங்களுக்குச் சொல்லிக் கொடுப்பாங்க. அழறவங்க, முறைக்கிறவங்க, பொய் சொல்றவங்க... எல்லாத்தையும் பார்த்துட்டிருந்தா வார்த்தை நழுவிடும். ஒன்பது வருஷமா எனக்கு எல்லாருமே குரல்தான். தலைவர் வெளியில எதிர்ல வந்தா எனக்கு அடையாளமே தெரியாது, இருமினாத்தான் வணக்கம் சொல்வேன்.”

“என் குரல் எப்படி?”

கேட்ட பிறகுதான், ஐயோ, என்ன கேட்டோம் என்று காது மடல் சூடாயிற்று. அவன் மழையைப் பார்த்தான்.

“கோபமா பேசும்போது நல்லா இருக்கு. கோபம் தீர்ந்து, கடைசியில கொஞ்சம் நடுங்கும் பாருங்க... அப்ப...” நிறுத்திவிட்டான். “திங்கட்கிழமைக்குள்ள வந்து படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடணும் டீச்சர். பக்கத்துக்கு ஒண்ணு. நீங்க கையெழுத்துப் போட்டாத்தான் நீங்க பேசினதா ஆகும். இல்லாட்டி அந்த அறையில யாரும் எதுவும் கேக்கலைன்னு அர்த்தம்.”

“வர்றேன்.”

“கண்டிப்பா வாங்க” என்றான். அதைச் சொன்னபோது மட்டும் ஏனோ அவன் முகம் வாடியிருந்தது. அவள் அதைக் கவனித்தாள். வேறு விதமாகப் புரிந்துகொண்டாள். அன்று வீடு போகும் வழியெல்லாம் தேங்கிய தண்ணீரில் வேண்டுமென்றே காலை வைத்து நடந்தாள்.

*

ஞாயிற்றுக்கிழமை அப்பா காக்கிச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். போட்ட இடத்திலேயே திரும்பத் திரும்பப் போட்டார்.

“தாளாளர் கூப்பிட்டாரு” என்றார் கடைசியாக.

“திட்டினாரா?”

“திட்டலை பாப்பா. உக்காரச் சொன்னாரு. பதினெட்டு வருஷத்துல முதல் தடவையா எதிர்ல நாற்காலி போட்டு உக்காரச் சொன்னாரு. ‘உம் பொண்ணு நாளைக்குக் கையெழுத்துப் போடாம இருந்தா எல்லாருக்கும் நல்லது’ன்னாரு. கடைசியில சொன்ன அந்த ஒரு வரிதான் உறுத்துதாம். மத்ததெல்லாம் இருந்துட்டுப் போகட்டுமாம்.”

அப்பா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

“ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதே. நான் தினமும் ஊரான் பிள்ளைங்களை ஏத்திக்கிட்டு அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போவேன். நீ சின்னப் பிள்ளையா புழுதியில நடந்து உன் பள்ளிக்கூடத்துக்குப் போவே. நாற்சந்தியில என் பஸ் உன்னைத் தாண்டிப் போகும். நீ கையாட்டுவே... நான் ஹாரன் அடிப்பேன். அடிச்சுட்டு எத்தனை நாள் அழுதிருக்கேன் தெரியுமா? இந்தச் சட்டம் அப்பவே இருந்திருந்தா உன்னையும் அந்த பஸ்ல ஏத்தியிருப்பேனே! இதை ஏன்மா வேண்டாங்கிறே?”

இப்படி ஒரு கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. குழுவில் யாரும் கேட்காத கேள்வி.

“ஏத்தியிருக்க மாட்டாங்கப்பா” என்றாள் மெதுவாக. “பிள்ளையைத் தேர்ந்தெடுக்கிற உரிமை பள்ளிக்கூடத்துக்குத்தான்னு அதே மசோதாவில இருக்கு. டிரைவர் பொண்ணை எடுக்க மாட்டாங்க. அப்புறம் நான் நடந்து போன அந்தப் பள்ளிக்கூடமும் இருந்திருக்காது. நான் எங்கப்பா போயிருப்பேன்?”

அப்பா சட்டையை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

“உனக்கு நிரந்தர ஆர்டர் வர்ற நேரம்...” அவ்வளவுதான் சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

திட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பாள். அழுகிறவரிடம் என்ன செய்வது? மறுநாள் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்ணாடியில் ஓடிய மழைக்கோடுகளை எண்ணிக்கொண்டே போனாள். அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிடச் சொல்லலாமா... மற்றதெல்லாம் இருக்குமே... அப்பாவுக்கு வேலை இருக்கும், எனக்கும் ஆர்டர் வரும்... அவனிடம் கேட்டால் எடுத்துவிடுவானா? அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டு எப்படிக் கேட்பது?

*

குழுவின் அறையில் அவன் மட்டும் இருந்தான். மேஜைமேல் தட்டச்சு செய்த ஏழு பக்கம். அவளைப் பார்த்ததும் எழுந்தான். இப்போதெல்லாம் நிமிர்ந்து பார்க்கிறான்! அந்தச் சந்தோஷத்தோடுதான் பக்கங்களைப் புரட்டினாள்.

தன் பேச்சைத் தானே படிக்கக் கூச்சமாக இருந்தது. ‘உள்ளேன் டீச்சர்’ வரை வந்தாள். அதற்குக் கீழே...

வெள்ளை.

நான்கு வரிக்கு ஒன்றுமே இல்லை. அதன் பிறகு ‘நன்றி’ என்று தொடங்கியது.

எடுத்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டு வந்தவள்தான் அவள். எடுத்தே இருப்பதைப் பார்த்ததும் உச்சந்தலையில் தீப்பிடித்தது.

“யார் சொல்லி எடுத்தீங்க?”

“டீச்சர்...”

“தாளாளரா? தலைவரா? கரண்ட் போச்சுன்னு கதை விடாதீங்க. பென்சில் இருக்காருன்னு தலைவர்தானே சொன்னாரு! வெள்ளையடிச்சு வச்சிருக்கீங்களே, கை கூசலையா? கண்டிப்பா வாங்கன்னு வாசல்ல நின்னு குழைஞ்சீங்களே, இதைக் காட்டத்தானா?”

அவன் முகம் வெளுத்தது. “யாரும் சொல்லலை. நான் எடுக்கவும் இல்லை.”

“பின்ன?”

“எழுதலை.”

“அதான் ஏன்?”

அவன் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவளுக்கு வந்த கோபத்தில் பக்கங்களை அவன் முன்னால் தள்ளிவிட்டுக் கதவு வரை போய்விட்டாள்.

“நான் பார்த்துட்டிருந்தேன்!”

குரல் உடைந்திருந்தது. அவள் நின்றாள்.

“ஒன்பது வருஷத்துல ஒரு வார்த்தை விட்டதில்லை டீச்சர். அந்தப் பொண்ணு எழுந்து நிக்கிறான்னு சொன்னீங்க. உங்க குரல் நடுங்கிச்சு. யாரு இது, எப்படி இருப்பாங்கன்னு... நிமிர்ந்துட்டேன். அவ்வளவுதான். அப்புறம் உங்க உதடு அசைஞ்சது தெரியும். என்ன சொன்னீங்கன்னு சத்தியமா தெரியாது. அந்த அறையில எல்லாரும் கேட்டாங்க... கேக்க வேண்டியவன் மட்டும் கேக்கலை. நாலு ராத்திரியா தூங்கலை நான். யார்கிட்டயாவது கேட்டு எழுதியிருக்கலாம். நாங்க அப்படி எழுதக் கூடாது. காதால கேட்டதைத்தான் கை எழுதணும்.”

அந்த நீல வெளிச்சம்... அந்தப் பெரிய கண்கள்... தான் எத்தனை தடவை நினைத்து நினைத்துச் சிவந்த நேரம் அது! அந்த நேரத்தில் பென்சில் நின்றிருந்ததைப் பாவி அவளும்தானே பார்க்கவில்லை?

கோபம் எங்கே போயிற்று என்று தேடினாள். கிடைக்கவில்லை.

“சரி, உக்காருங்க” என்றாள். “இப்ப சொல்றேன், எழுதுங்க. இந்தத் தடவை குனிஞ்சே இருக்கணும்.”

அவன் புதுப் பென்சிலை எடுத்தான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்பாவின் மடித்து மடித்துப் பிரித்த சட்டை ஒரு கணம் கண்ணில் ஆடியது. மூச்சை இழுத்துவிட்டாள்.

“அந்தப் பதினோரு பேரை நீக்கச் சொல்லிக் கல்வி அலுவலகத்துல இருந்து வாய்மொழியா உத்தரவு வந்தது. தாள்ல வரலை. பெத்தவங்க யாரும் கேக்கலை, டி.சி.யும் வாங்கலை. ரிஜிஸ்டர்ல அவங்க பேரை அடிச்சுக் கையெழுத்துப் போட்டவ நான்தான். வேலை நிரந்தரம் ஆகணும்னு போட்டேன்.”

பென்சில் சரசரவென்று ஓடி, கடைசி வார்த்தையில் தடுமாறி நின்றது.

“டீச்சர்... இது முதல்ல உங்களைத்தானே வந்து வெட்டும்?”

“தெரியும்.”

“இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகலை.” அவன் குரல் கெஞ்சியது. “நான் விட்டதாவே இருக்கட்டும். வெள்ளையாவே போகட்டும். உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. நான் பாத்துக்கறேன்...”

“இப்படித்தான் எச்.எம்.மும் சொன்னாங்க. ‘கையெழுத்துப் போடு, நான் பாத்துக்கறேன்’னு. எல்லாரும் என்னைப் பாத்துக்கறீங்க சார். அந்தப் பதினோரு பேரை யாரு பாத்துக்கறது? இந்த நாலு வரி இல்லாட்டி ஜனங்க தானா விலகினாங்கன்னுதானே நாளைக்குச் சட்டம் வரும்?” ஜன்னலிலிருந்து அவன் பக்கம் திரும்பினாள். “உண்மையைச் சொல்லட்டுமா? இதை எடுத்துடச் சொல்லலாமான்னு யோசிச்சுக்கிட்டேதான் வந்தேன். இல்லாததைப் பார்த்தப்புறம்தான் தெரிஞ்சது, இது இல்லாம நான் பேசினதே இல்லைன்னு.”

அவன் இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். பதிவில் விடுபட்டதைச் சேர்ப்பதற்கான தாள். எழுதியவரின் தவறு என்று எழுதியவரே கையெழுத்துப் போட்டால்தான் புது வரி பக்கத்தில் ஏறும். அது அவனுடைய பணிப் பதிவேட்டிலும் ஏறும்.

பேனாவை எடுத்து, அவள் சொன்னதை வெள்ளை இடத்தில் நிரப்பிவிட்டு, அந்தத் தாளையும் ஒரு தயக்கமும் இல்லாமல் எழுத ஆரம்பித்தான். ‘காரணம்’ என்ற இடத்தில் மட்டும் கை நின்றது.

“என்ன எழுதப் போறீங்க? காது வலின்னு போடுங்க” என்றாள்.

“பொய் எழுதிப் பழக்கமில்லை.”

எழுதினான். தாளைத் திருப்பி அவள் பக்கம் வைத்தான். முத்து முத்தான எழுத்து. ‘பேசியவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் கவனம் தவறியது.’

“ஐயையோ! தலைவர் படிப்பாரு!”

“படிக்கட்டும். இன்னும் கொஞ்சம் இடம் இருந்திருந்தா மிச்சத்தையும் எழுதியிருப்பேன்.”

“என்ன மிச்சம்?”

மழை சட்டென்று வலுத்தது. அவன் எழுந்து நின்றான். ஒன்பது வருஷம் மற்றவர்கள் பேச்சை மட்டுமே எழுதியவனுக்குத் தன் பேச்சு வரவில்லை. பென்சிலை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினான்.

“கவுன்டர்ல உங்க கையைப் பார்த்தேன்... அன்னைக்கே விழுந்தாச்சு. முகம் பார்த்தது அப்புறம்தான். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு டீச்சர். உங்களுக்கு வேலை இருந்தாலும் இல்லாட்டியும். எனக்கு இருந்தாலும் இல்லாட்டியும்.”

அவள் உட்கார்ந்தாள். ஏழு பக்கத்திலும் நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். புது வரியின் பக்கத்திலும் போட்டாள். மனசு மட்டும் நடுங்கியது... அதற்குக் காரணம் மசோதா இல்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

“டீச்சர்... எதாவது சொல்லிட்டுப் போங்க.”

“ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கு வாங்க. அப்பா கோபமா இருப்பாரு. அவருக்கு வேலையும் போயிருக்கலாம். நீங்கதான் எழுதினதுன்னு தெரிஞ்சா இன்னும் கோபப்படுவாரு. எதிர்த்துப் பேசாம உக்காந்து அவர் சொல்றதை முழுசாக் கேக்கணும். அவர் பேச்சை இதுவரைக்கும் யாருமே முழுசாக் கேட்டதில்லை.”

“வர்றேன். ஆனா... இதுக்கு என்ன அர்த்தம்?”

“எனக்கும் பிடிச்சிருக்குன்னு அர்த்தம்! இதைக்கூடப் பிரிச்சுச் சொல்லணுமா?”

முறைப்பதுபோல்தான் பார்த்தாள். முறைப்பு பாதியிலேயே சிரிப்பாகிவிட்டது. அவன் கையிலிருந்த பென்சில் கீழே விழுந்து உருண்டது. இருவருமே குனியவில்லை.

“இந்த மழையில இப்ப எங்க போறீங்க?”

“பள்ளிக்கூடத்துக்கு. நாளைக்கு இந்தப் பக்கம் தலைவர் கைக்குப் போகும், நாளன்னைக்கு என்னை வெளியில நிறுத்துவாங்க. ரிஜிஸ்டர் இன்னைக்கு என் மேஜைல இருக்கு. பதினோரு பேரையும் என் கையாலயே திரும்ப எழுதிடணும்.”

குடையை நீட்டினான். வாங்கிக்கொண்டாள். திரும்பிப் பார்க்காமல் நீண்ட நடையைக் கடந்து, படிகளை இரண்டிரண்டாக இறங்கி, தெருவில் கொட்டிக்கொண்டிருந்த மழைக்குள் போனாள்.